வெளிநாட்டு வேட்டைத் துப்பாக்கி: இன்வாய்ஸில் வராத செலவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழின் கேள்வி-பதில் பகுதியில் டர்பன் வாசகர் ஒருவர், ஜெர்மனியிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ நல்ல வேட்டை ரைஃபிள் ஒன்றை நேரடியாக வரவழைத்தால் மலிவாக முடியுமா என்று கேட்டிருந்தார். அங்குள்ள விலையோடு விமானக் கூலியைக் கூட்டிக்கொண்டால் போதும், உள்ளூர்க் கடை விலையைவிடக் குறைவாகவே இருக்கும் என்ற அளவில் பதில் முடிந்திருந்தது. அதே கணக்கை நம்பி நானும் ஒருமுறை இறங்கி, கையைச் சுட்டுக்கொண்டவன். அந்த அன்பர் முன்பணம் கட்டுவதற்குள் இக்கடிதம் அச்சேறினால் நல்லது.

நான் இங்கு தென்னாப்பிரிக்காவில் ஒரு சர்க்கரை ஆலையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நடாலில் வேட்டைக்காலம் குளிர்காலம். கரும்பு அரைவையும் அதே மாதங்களில்தான். ஆகவே வேலையில் இருந்தவரை, மைத்துனர் பொங்கோலாப் பக்கம் போய் இம்பாலா, குடு மான்களை அடித்துக்கொண்டு வருவார், நான் பில்டாங் என்னும் உலர்ந்த இறைச்சியை மெல்லுவதோடு சரி. ஓய்வுக்குப் பின் எனக்கென ஒன்று வாங்க நினைத்தபோதுதான், நான் இடக்கையன் என்பது ஒரு செலவாக முளைத்தது. தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டின் கைப்பிடி இடப்புறம் அமைந்த, மவுசர் 98 என்னும் ஜெர்மன் வகை ரைஃபிள், போய்க் கேட்டவுடன் எடுத்துத் தரும் சரக்கு அன்று. இந்த நாட்டுக்கும் மவுசருக்கும் உறவு பழையதுதான். இந்நாட்டின் வடபகுதியில் அன்று தனி நாடாக இருந்த டிரான்ஸ்வால் குடியரசு 1896, 1897 ஆண்டுகளிலேயே ஜெர்மனியிலிருந்து ஏழு மில்லிமீட்டர் மவுசர்களை ஆயிரக்கணக்கில் தருவித்தது. ஆனால் அவையெல்லாம் வலக்கைக்காரர்களுக்கு. கடைசியில் தென் ஜெர்மனியில் ஒரு சிறிய பட்டறையில், 9.3x62 என்னும் தோட்டா அளவில் ஒன்றைச் செய்து தரச் சொன்னேன்.

வரியைப் பேசுமுன் வரிசையைப் பேச வேண்டும். 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. அந்த இறக்குமதி அனுமதியைக் காவல் துறையின் மத்தியத் துப்பாக்கிப் பதிவகம் தருகிறது. பன்னாட்டு வணிக நிர்வாக ஆணையத்தின் இறக்குமதி அனுமதியும் உடன் வேண்டும். விற்கும் நாட்டின் ஏற்றுமதி அனுமதி தனி. ஜெர்மனியில் அதை எஷ்போர்னில் உள்ள கூட்டாட்சி அலுவலகம் ஒன்று வழங்குகிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, வாங்குபவரின் நாடு இறக்குமதிக்கு இசைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அங்கே முத்திரை விழும். பிரிட்டனிலும் ஏற்றுமதி உரிமம் உண்டு. அமெரிக்காவில் வேட்டை ரைஃபிள்களுக்கான இந்தப் பொறுப்பு 2020 மார்ச் முதல் வணிகத் துறையின் கையில் இருக்கிறது. ஆக, நம் பக்கத்துக் காகிதம் வராமல் அந்தப் பக்கத்துக் காகிதம் அசையாது. முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டியவரின் துப்பாக்கி, அவருடைய பணத்திலேயே விற்றவரின் இரும்புப் பெட்டியில் மாதக்கணக்கில் தூங்கும். நான் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முன்பணமாகக் கொடுத்து, அனுமதி மறுக்கப்பட்டால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். இந்தக் கதையில் நான் புத்தியோடு செய்த ஒரே காரியம் அதுதான்.

இறக்குமதி அனுமதி வேறு, வைத்திருக்கும் உரிமம் வேறு என்பதும் பலருக்குப் பிடிபடுவதில்லை. தகுதிச் சான்றிதழ் முதலில். அதற்குக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு அனுமதியோ வேண்டும் என்பதால், வேலை விசாவில் வந்திருக்கும் நம் இளைஞர்கள் இப்போதைக்கு ஆசைப்படுவதில் பயனில்லை. பிறகு அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவிலோ 16-ஆம் பிரிவிலோ, அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கிக்கென்று பத்தாண்டு உரிமம். அது கையில் வரும்வரை, சுங்கத்தைத் தாண்டிய துப்பாக்கி உரிமம் பெற்ற வணிகரின் காப்பறையில்தான் இருக்க வேண்டும். அவர் தர்மத்துக்கு வைத்திருக்கமாட்டார். அந்த வாடகையையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இனி பணம். முதல் லாபம் விற்கும் நாட்டிலேயே இருக்கிறது. ஜெர்மனியில் கடையில் ஒட்டியிருக்கும் விலையில் 19 சதவீத மதிப்புக் கூட்டு வரி அடங்கியிருக்கும், பிரிட்டனில் 20 சதவீதம். தென்னாப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் சரக்குக்கு அந்த வரி இல்லை. எனக்குச் சொன்ன விலை 9,520 யூரோ. ஏற்றுமதி இன்வாய்ஸில் அது 8,000 யூரோ ஆயிற்று. வாய்விட்டுக் கேட்டதால்தான் ஆயிற்று என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். பழைய துப்பாக்கி வாங்குவோர் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். பழைய பொருளுக்கு விற்பவர் தம் லாபத்தின்மீது மட்டும் வரி கட்டும் முறை அங்கு உண்டு. அப்படி விற்கும்போது இன்வாய்ஸில் வரி தனியாகத் தெரியாது, ஆகவே பேரம் பேசும்போதே ஏற்றுமதி விலை என்னவென்று கேட்டுவிட வேண்டும்.

அன்றைய மாற்று விகிதத்தில் என் துப்பாக்கியின் மதிப்பு ஏறத்தாழ 1,60,000 ரேண்ட். இங்கு பதினைந்து சதவீத வாட் (நம் மதிப்புக் கூட்டு வரி) என்றால் 24,000 என்று நான் காகிதத்தின் ஓரத்தில் எழுதிவைத்திருந்தேன். சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் அதைப் பார்த்துச் சிரித்தார். இறக்குமதிக்கான வாட், சரக்கின் சுங்க மதிப்பின்மீது நேராகக் கணக்கிடப்படுவதில்லை; அந்த மதிப்போடு அதில் பத்து சதவீதத்தையும், விதிக்கப்படும் சுங்கத் தீர்வையையும் கூட்டி, அந்தத் தொகையின்மீதுதான் பதினைந்து சதவீதம் போடப்படுகிறது. தீர்வையே இல்லை என்று வைத்தாலும் 1,76,000-க்கு 26,400 ரேண்ட். பேச்சுக்குத் தீர்வை பத்து சதவீதம் என்று கொண்டால், தீர்வை 16,000, வாட் 28,800, இரண்டும் சேர்ந்து 44,800. ஒரே ஆறுதல், சுங்க மதிப்பைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றும் இடத்து விலையாகவே நம் நாடு எடுத்துக்கொள்வதால், அதற்குமேல் நாம் கொடுக்கும் சரக்குக் கூலியும் காப்பீடும் அதில் சேர்வதில்லை. அதற்காகவே கூலியை இன்வாய்ஸில் தனித் தொகையாகக் காட்டச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதிவிட்டால் கூலிக்கும் சேர்த்து வரி கட்ட நேரும்.

தீர்வை விகிதத்தை ஏஜென்டிடம் கேட்கும்போது 'துப்பாக்கி' என்று பொதுவாகச் சொல்லாமல், சுங்க அட்டவணையில் வேட்டை ரைஃபிள்களுக்கான 9303.30 என்ற தலைப்பைச் சொல்லிக் கேட்பது நல்லது. துப்பாக்கியோடு சேர்ந்து வரும் அதற்குரிய ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) அந்த அட்டவணையில் துப்பாக்கியின் அத்தியாயத்திலேயே அடங்கும்; அதையே பின்னால் தனிப் பார்சலாக அனுப்பினால் 9013 என்ற வேறு தலைப்புக்குப் போய்விடும், இரண்டாவது ஏஜென்ட் கூலியும் விழும். ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2016 அக்டோபர் முதலும், பிரிட்டனோடு 2021 முதலும் நமக்கு வணிக ஒப்பந்தங்கள் உண்டு. அவற்றின் சலுகை விகிதத்தைக் கேட்க, சரக்கு அந்த மண்ணில் உருவானது என்பதற்குச் சான்று வேண்டும். 6,000 யூரோவுக்கு உட்பட்ட சரக்கானால் விற்பவர் இன்வாய்ஸிலேயே எழுதும் உறுதிமொழி போதும். அதற்கு மேற்பட்டால் இ.யு.ஆர். 1 என்ற சான்றிதழ். லண்டன் கடையில் வாங்கிய ஜெர்மன் துப்பாக்கியைப் பிரிட்டிஷ் சரக்கு என்று காட்ட முடியாது.

இத்தனையும் படித்துத் தெரிந்துகொண்டு நான் தடுக்கி விழுந்த இடம், ஓர் எண். பட்டறைக்காரர் துப்பாக்கியின் வரிசை எண்ணைக் கையால் எழுதி, அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஜெர்மானியர் கையெழுத்தில் ஒன்று என்னும் இலக்கத்துக்கு இடப்புறம் நீண்ட மேல்கோடு ஒன்று உண்டு. நம் கண்ணுக்கு அது அப்படியே ஏழு. அவர்கள் ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு போடுவார்கள் என்பதை நான் அன்று அறியேன். விண்ணப்பத்தில் ஏழு என்று எழுதினேன், அனுமதியும் ஏழு என்றே வந்தது. ஜொஹானஸ்பர்க் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து, அலுவலர் குழலின் அடியில் விளக்கைப் பிடித்தபோது, உல்ம் நகரத் துப்பாக்கிச் சோதனைச்சாலையின் மான்கொம்பு முத்திரைக்குப் பக்கத்தில், எண்ணெய்ப் பளபளப்பில், ஐயத்துக்கு இடமில்லாத ஓர் ஒன்று நின்றது. அந்தப் பெட்டியில் இருந்த துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. அலுவலர் செய்தது சரி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். திருத்திய அனுமதி வர 19 நாள். அதுவரை சரக்குக் கிடங்கின் வாடகை, மறு பரிசோதனை, ஏஜென்டின் இரண்டாம் பயணம் என்று 6,300 ரேண்ட் போயிற்று. ஒற்றைக் கோடு ஒன்றின் விலை. உரிமமும் கிடைத்து அது வீடு வந்து சேர்ந்தது புரட்டாசியில். விரத மாதத்தில் வேட்டையாவது ஒன்றாவது என்று வீட்டில் அதைத் திறந்து பார்க்கவும் விடவில்லை. கையெழுத்தை நம்பாமல், குழலிலும் உடற்பகுதியிலும் வெட்டிய எண்களைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்தே விண்ணப்பம் எழுத வேண்டும்.

இன்வாய்ஸ் தொகையைக் குறைத்துப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் விற்பனையாளர்களும் உண்டு. சட்டப்படி அது குற்றம் என்பது இருக்கட்டும். வழியில் பெட்டி தொலைந்தால் காப்பீடு அந்தக் குறைந்த தொகையைத்தான் தரும்.

தோட்டாவும் இறக்குமதிச் செலவில் அடங்கியதே. பெர்லினைச் சேர்ந்த ஓட்டோ போக் 1905-இல் ஆப்பிரிக்க வேட்டைக்கென்றே வகுத்த 9.3x62-ஐ நான் தேர்ந்ததற்கு, அதன் தோட்டா இங்கேயே கிடைக்கும் என்பதும் ஒரு காரணம். அரிய அளவு ஒன்றில் ஆசை வைத்தால், ஒவ்வொரு பெட்டித் தோட்டாவுக்கும் மறுபடி அனுமதி, மறுபடி அபாயகரச் சரக்குக்கான கூலி. உரிமம் பெற்ற சாதாரண வேட்டைக்காரர் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாக்கள்வரைதான் வைத்திருக்கலாம் என்பதால், ஒரேயடியாக வாங்கிக் குவிக்கவும் வழியில்லை.

டர்பன் அன்பர் பழைய ஆங்கிலேயத் துப்பாக்கியை நாடுபவராக இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அக்காலத்து இரட்டைக் குழல் ரைஃபிள்கள் சிலவற்றில், அந்தி வெளிச்சத்தில் குறி தெரிவதற்காக, குழல் முனையில் தந்தத்தாலான சிறு மணி பதித்திருக்கும். அது காட்டுப்பன்றியின் கோரைப்பல்லானால் தொல்லை குறைவு. யானைத் தந்தமானால், கடுகளவே இருந்தாலும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டாது. பிரிட்டனில் 2022 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள தந்தச் சட்டத்தின்படி, 1947-க்கு முந்தியது, பத்து சதவீதத்துக்கும் குறைவான தந்தம் கொண்டது என்று பதிவு செய்தாலொழிய அதை விற்கவே முடியாது. மணி எதனால் ஆனது என்பதை விற்பவரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு டர்பன் அன்பர் முன்பணத்தைப் பற்றிப் பேசட்டும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
பீட்டர்மாரிட்ஸ்பர்க்