நீ அனுப்பிய இரண்டு படங்கள்

அன்புள்ள ரவி,

நலமா? மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் கோவைக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள், அதனால் வீட்டில் மறுபடி சத்தமும் சண்டையும்தான்.

ஸ்பானிய இன்குவிசிஷன், அதாவது திருச்சபைக் கொள்கைக்கு மாறானவர்கள் என்று ஆட்களைப் பிடித்து விசாரித்துத் தண்டித்த அந்தக் கால ஸ்பெயின் மத நீதிமன்றம் பற்றி நீ அனுப்பிய இரண்டு ஆவணப்படங்களையும் பார்த்தேன். இதில் எது உண்மை, ஒரு வரியில் சொல் என்று கேட்டிருக்கிறாய். என்னிடம் போய் ஒரு வரி கேட்டால் எப்படி?

முதல் படம் வழக்கமான தினுசு. தீப்பந்தம், கறுப்பு அங்கி, மிரட்டும் இசை, அப்புறம் உள்ளே முழுக்க ஆணி பதித்த அந்த இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டிக்கும் இன்குவிசிஷனுக்கும் சம்பந்தமே இல்லை, 19ஆம் நூற்றாண்டில் காட்சிக்கு வைப்பதற்காக ஜோடித்தது. அவர்கள் நிஜமாகச் செய்தவை வேறு: கையைப் பின்னால் கட்டிக் கப்பியில் தூக்குவது, வாயில் துணியைத் திணித்துத் தண்ணீர் ஊற்றுவது, மரச்சட்டத்தில் கிடத்திக் கயிற்றை முறுக்குவது. நிஜமே இவ்வளவு இருக்க பொய்ப்பெட்டி எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. அதே படம் லோக்ரோன்யோ ஊரில் 1610இல் சூனியக்காரர்கள் என்று ஆறு பேரை எரித்ததை விலாவாரியாகக் காட்டுகிறது. ஆனால் அந்த வழக்கின் நீதிபதிகளில் ஒருவரான சலசார் பிறகு ஊர் ஊராகப் போய் விசாரித்து, சூனியம் நடந்ததற்கு ஒரு ஆதாரமும் இல்லை என்று எழுதினாரே, 1614இல் அதையொட்டிப் புது விதிகளே வந்தனவே, அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அக்காலத்தில் ஜெர்மனியில் சூனியக்காரி என்று கொத்துக் கொத்தாக எரித்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, இரண்டாவது படம். நம் கத்தோலிக்க ஆட்கள் எடுத்தது, எங்கள் பங்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. உண்மையைச் சொன்னால் இதுதான் எனக்கு அதிக எரிச்சல். சுமார் 44,000 வழக்குகள், மரண தண்டனை நிறைவேறியது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு, ஆகவே எல்லாம் எதிரிகள் கட்டிவிட்ட கதை என்று முடிக்கிறார்கள். எண் சரிதான், கோன்ட்ரெராஸ், ஹென்னிங்சென் என்ற இருவர் ஆவணங்களைப் புரட்டி எடுத்த கணக்கு. ஆனால் அது 1540 முதல் 1700 வரைக்கான கணக்கு. செவில்லில் முதல் எரிப்பு நடந்தது 1481இல். யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களை, ரகசியமாகப் பழைய மதத்தையே பின்பற்றுகிறார்கள் என்று தேடித் தேடிக் கொன்றது பெரும்பாலும் அதற்கடுத்த ஐம்பது ஆண்டுகளில்தான். பெருமழை ஓய்ந்த பிறகு வாசலில் சொம்பை வைத்து அளந்துவிட்டு, மழையே இல்லை என்கிற மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. டொலேடோவில் எல்விரா தெல் காம்போ என்று ஒரு பெண். பன்றிக்கறி சாப்பிடுவதில்லை, சனிக்கிழமை துவைத்த துணி உடுத்துகிறாள், இதெல்லாம் யூத வழக்கம் என்று அவள் வீட்டிலேயே இருந்தவர்கள் போட்டுக்கொடுத்தார்கள். 1568இல் அவளைச் சித்திரவதை செய்தபோது எழுத்தர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அலறியதையெல்லாம் அப்படியே எழுதியிருக்கிறார். நான் என்ன சொல்ல வேண்டும், அதையாவது சொல்லுங்கள், சொல்லிவிடுகிறேன் என்று திரும்பத் திரும்பக் கெஞ்சுகிறாள். அவளைக் கொல்லவில்லை. சொத்தைப் பறித்து, சிறையில் போட்டு, குற்றவாளி அங்கியை மாட்டிவிட்டார்கள். ஆக, அந்தப் படத்தின் கணக்கில் இவள் 'தப்பித்த' 98 சதவீதத்தில் ஒருத்தி! அப்படிப்பட்ட அங்கிகளைப் பெயரோடு கோயிலில் தொங்கவிடுவார்கள், பேரன் பேத்தி காலம் வரைக்கும் குடும்ப மானம் போகும். இதையெல்லாம் எந்த சதவீதத்தில் சேர்ப்பது?

இதில் வேடிக்கை என்னவென்றால், 2000 மார்ச்சில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் உலகமே பார்க்கப் பாவமன்னிப்புக் கேட்டார். உண்மையைக் காக்கிறோம் என்ற பெயரில் செய்த பாவங்களுக்கான பகுதியைச் சொன்னவர் கர்தினால் ராட்சிங்கர், பழைய ரோம் இன்குவிசிஷனின் வழிவந்த அலுவலகத்துக்கே அன்று தலைவர். அவர்களே ஒப்புக்கொண்டதை மூடிமறைக்க இந்தப் படக்காரர்களுக்கு என்ன அவசரமோ.

உன் பேரனுக்குக் காட்டுவதாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே காட்டு, சலசாரையும் எல்விராவையும் நீ வாயால் சொல்லு. பொங்கலுக்கு வருவாய்தானே? டிக்கெட்டை இப்போதே போடு.

அன்புடன்,
அந்தோணி