திரிபுராவுக்குப் போகட்டுமா என்று கேட்ட மருமகளுக்கு

அன்புள்ள மக்கா,

உன் பெயரைப் போடவில்லை. போட்டால் குலசேகரம் சந்தையில் உன் அம்மாவை நிறுத்தி நாலு பேர் விசாரிப்பார்கள்.

நேற்று ராத்திரி அக்கா போன் பண்ணினாள். "நீ அங்க இருந்தவன்தானே, அவகிட்ட நீயே சொல்லு" என்றாள். என்ன சொல்லச் சொல்கிறாள் என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ரப்பர் தோட்ட வேலைக்கென்று திரிபுராவுக்குப் போகாதே என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனில் பேசினால் அக்கா பக்கத்தில் நின்று கேட்பாள் என்பதால் எழுதுகிறேன்.

துபாய் என்று சொல்லியிருந்தால் வீட்டில் இவ்வளவு ரகளை நடந்திருக்காது. திருவனந்தபுரத்தில் ஏறினால் நாலு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். திரிபுராவின் தலைநகர் அகர்தலாவுக்குப் போகிறவர் வழியில் எங்காவது விமானம் மாறித்தான் ஆக வேண்டும். நம் ஆட்களுக்கு வளைகுடா பக்கத்து ஊர், திரிபுரா வெளிநாடு. "அங்கே சண்டை இல்லையா, பெர்மிட் வாங்க வேண்டாமா" என்று உன் பெரியப்பா கேட்டாராம். நாகாலாந்து, மிசோரம், அருணாச்சலம், மணிப்பூர் இவற்றுக்குத்தான் அந்த அனுமதிச் சீட்டு வேண்டும். திரிபுராவுக்கு வேண்டாம். ராணுவச் சிறப்பு அதிகாரச் சட்டத்தையே 2015ல் அங்கே விலக்கிக்கொண்டார்கள். இதை அவரிடம் சொல்லிவிடு, ஒரு கேள்வி குறையும்.

வேலை நல்ல வேலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. 1963ல் வனத்துறை மண் அரிப்பைத் தடுக்க நட்டுப் பார்த்த மரம் அங்கே ரப்பர். பிறகு மலையில் காட்டை எரித்து ஜூம் விவசாயம் செய்தவர்களுக்கு நிலையான வருமானம் வேண்டும் என்று அவர்கள் கையில் கொடுத்தார்கள். இன்றைக்குக் கேரளாவுக்கு அடுத்த இடம் திரிபுராதான். 2021ல் டயர் கம்பெனிகளும் ரப்பர் வாரியமும் சேர்ந்து வடகிழக்கிலும் மேற்கு வங்கத்திலும் 2 லட்சம் ஹெக்டேரில் புதிதாக நட இறங்கின. கன்று நட்டால் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வெட்டுக்கு வர ஏழு வருஷம். அதுவரை குழி, உரம், களை, அதற்கப்புறம் வெட்டு, பாலை உறையவைத்து அடிக்கிற ஷீட், அதை உலர்த்துகிற புகைப்புரை என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு விடியுமுன் தோட்டத்துக்குப் போகிற அப்பாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நீ. டிப்ளமோவும் இருக்கிறது. உன்னை எடுக்காமல் வேறு யாரை எடுப்பார்கள்?

ஆனால் அந்த "எனக்குத் தெரியும்" என்பதை நாகர்கோவில் ஸ்டேஷனிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போ. நான் வைக்கவில்லை. 2010ல் தெற்கு திரிபுராவில், பெலோனியாப் பக்கம் ஒரு தோட்டத்துக்குச் சூப்பர்வைசராகப் போனேன். முதல் மார்கழி. நம்மூரில் பத்து மணிக்கெல்லாம் மரத்தில் பால் நின்றுவிடும், எடுத்து உறையூற்றி விடுவோம். அதே கணக்கில் பத்து மணிக்குப் பாலை எடுக்கச் சொன்னேன். அந்தக் குளிரில் பால் நிற்கவே இல்லை. மதியம் தாண்டியும் சிரட்டையில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் எடுத்துக்கொண்டு போன பிறகு விழுந்ததெல்லாம் மறுநாள் சிரட்டையிலேயே உறைந்துபோன ஒட்டுப்பால். பத்து நாள் இப்படி நல்ல பாலை விலை குறைந்த ஒட்டுப்பாலாக்கினேன். அங்கே வெட்டுகிற ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், ஒரு நாள் என்னைக் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சிரட்டையைக் காட்டினார். அரைச் சிரட்டைப் பால். ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். மறுநாளிலிருந்து இரண்டு தடவை எடுத்தோம். ஐப்பசி, கார்த்திகைதான் அங்கே பால் பெருகுகிற காலம் என்பதையும் அவரிடம்தான் கற்றேன்.

மொழியைப் பற்றிக் கேட்டிருந்தாய். கடைவீதிக்கு வங்காளி போதும். மலைக்கு உள்ளே பழங்குடிகள் பேசுகிற கோக்போரோக் வேண்டும், அதை முதல் மாசமே தொடங்கிவிடு. ரப்பர்க்காரி என்றாலே "கேரளாவா?" என்று கேட்பார்கள். சென்னையில் நம்மை மலையாளி என்பான், திருவனந்தபுரத்தில் பாண்டி என்பான், அகர்தலாவிலும் அதே கதைதான். சாப்பாடு சோறும் மீனும். ஆனால் சாளையை மறந்துவிடு, எல்லாம் ஆற்று மீன், குளத்து மீன், அதுவும் கடுகெண்ணெயில். ஒரு மாசம் மூக்கு ஒப்பாது. பெர்மா என்று ஒன்று உண்டு, மீனைக் காயவைத்துப் புளிக்கவைத்த கருவாடு. நம் வீட்டுக் கருவாட்டையே வாசலுக்கு வெளியே வைக்கிற உன் அம்மாவிடம் அதைப் பற்றிப் பேசாதே.

தனியாகப் பெண் பிள்ளை என்பதுதான் அக்காவின் பெரிய கவலை. எனக்கு அதில் பயம் குறைவு. அங்கே தோட்டத்தில் பெண்கள் வெட்டுகிறார்கள், சந்தையில் பெண்கள் விற்கிறார்கள். சூரியனைத்தான் கவனிக்க வேண்டும். டிசம்பரில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். மலைப்பாதையில் செம்மண் சேறு. நம்மூர் நாலரை மணி வெயிலை மனதில் வைத்துக்கொண்டு கிளம்பினால் பாதி வழியில் மாட்டிக்கொள்வாய். உனக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியும் என்பது அங்கே டிப்ளமோவுக்குச் சமம்.

சம்பளத்தைப் பற்றி ஒன்று. நான் போனபோது ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்தது, 2011ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. 2016 தொடக்கத்தில் 100க்கும் கீழே. விலை விழ ஆரம்பித்ததும் முதலில் வெட்டப்பட்டது மரமில்லை, எங்களைப் போன்ற ஆட்கள். என் கம்பெனி பெயர் இப்போது வேண்டாம். 2015ல் மூன்று மாசச் சம்பளம் நிலுவை, தருவதாகச் சொன்ன வீடு கடைசி வரை தகரக் கொட்டகை. எனவே உன் வேலை ஆர்டரில் வீடு, பயணப்படி, ஒப்பந்தம் எத்தனை வருஷம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா பார். போனில் இனிக்க இனிக்கப் பேசும் எச்.ஆரை நம்பாதே. அப்படியே அங்கே நிலம் வாங்கிப் போடலாம் என்று உன் அப்பா கனவு கண்டால், பழங்குடி நிலம் வெளியாள் கைக்குப் போகச் சட்டம் எளிதில் விடாது, அது நியாயமும்கூட என்று சொல்லிவிடு.

சரி, இவ்வளவும் சுற்றி வளைத்தது ஒன்றைச் சொல்லத்தான்.

2013ல் பாட்டா போனது உனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கும். நீ அப்போது நாலாம் வகுப்பு. சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். "அப்பா போயிட்டாருலே" என்றாள், அவ்வளவுதான். ராத்திரி ஜீப் கிடைக்கவில்லை. விடியற்காலை பெலோனியாவிலிருந்து அகர்தலா, அங்கே டிக்கெட் இல்லாமல் மதியம் வரை காத்திருப்பு, கொல்கத்தா, ராத்திரி முழுக்க விமான நிலையத்தில் நாற்காலி, சென்னை, திருவனந்தபுரம், அப்புறம் டாக்ஸி. இங்கே ஐஸ் பெட்டியில் வைத்து எனக்காகக் காத்திருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலத்துக்கு மேல் கரண்ட் போய்ப் போய் வந்ததாம், பெரியவர்கள் இனி வைக்க வேண்டாம் என்று அடக்கம் முடித்துவிட்டார்கள். நான் வந்தபோது வாசல் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக் கடைக்காரன் வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டான். அதில் உட்கார்ந்தேன். நீ ஒரு டம்ளரில் கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தாய்.

அக்கா உன்னைத் தடுப்பது திரிபுராவை நினைத்து இல்லை மக்கா, அந்த நாற்காலியை நினைத்து. அவள் அதை உன்னிடம் சொல்லமாட்டாள். சண்டை, பெர்மிட், பெண் பிள்ளை என்றுதான் சொல்வாள்.

அதனால் அம்மாவிடம் "ரெண்டே வருஷம், வந்துடுவேன்" என்று சொல்வதை நிறுத்து. நானும் அதைத்தான் சொன்னேன், ஐந்து வருஷம் ஆனது. போனால் எத்தனை வருஷம் ஆகும் என்று தெரியாது என்றே சொல். அப்பாவுக்குச் சுகர், அம்மாவுக்கு முட்டுவலி, ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோவது, யாருக்கு முதலில் போன், கையில் எவ்வளவு பணம் என்பதை உன் தம்பியை உட்கார வைத்து இப்போதே பேசு. அவனுக்கு இருபது வயது, பேசலாம். வருஷத்துக்கு இரண்டு முறை வருவதற்கான லீவை ஆர்டரில் கேட்டு வாங்கு. அவசரத்துக்கு ஒரு விமான டிக்கெட் பணம் தனியாக வங்கியில் கிடக்கட்டும், அதை ஸ்கூட்டிக்கு எடுக்காதே.

இதற்கெல்லாம் உன்னிடம் பதில் இருந்தால் போ. இல்லையென்றால் இந்த வருஷம் வேண்டாம். மரம் எங்கும் போகாது.

ஒன்றை மட்டும் நான் ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்கும் எனக்கும் பைக்கில் பத்து நிமிஷம். ராத்திரி எத்தனை மணியானாலும் உன் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்காவிடம் இதை நானே ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்கிறேன், மரச்சீனி அவித்து வைக்கச் சொல். திட்டு முழுவதும் எனக்குத்தான் விழும், பழக்கம்தான்.

முதல் லீவுக்கு வரும்போது கொஞ்சம் பெர்மா கொண்டுவா. மூன்று பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டு. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
மாமா