வெளிநாட்டு உதவித்தொகை: அறிவிப்பு ஜூலையிலேயே வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் மேற்படிப்புக்கான உதவித்தொகைப் பட்டியல்கள் நம் நாளிதழ்களின் கல்விப் பக்கங்களில் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வெளியாகின்றன. கல்லூரிச் சேர்க்கை நடக்கும் நேரம் என்பதால் அப்படி அமைந்துவிடுகிறது. ஆனால் அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கும் படிப்புகளுக்கான பெரிய திட்டங்கள் பல அதற்குள் மூடப்பட்டிருக்கும். பட்டியலைப் பார்த்து ஆசையோடு இணையதளத்துக்குப் போகும் இறுதியாண்டு மாணவருக்கு ஓராண்டு வீண். இந்தச் செய்தியை ஜூலையில், இறுதியாண்டு வகுப்புகள் தொடங்கும்போதே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தொகையைப் பெரிதாகப் போடுவதைவிட, இறுதியாண்டில் இருப்பவர் விண்ணப்பிக்கலாமா, எத்தனை ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், விண்ணப்பத்தை யாருக்கு அனுப்புவது ஆகிய மூன்றையும் போட்டாலே பலருக்கு வழி தெரிந்துவிடும்.

அனுபவம் இல்லாத இறுதியாண்டு மாணவர் முதலில் பார்க்க வேண்டியது ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைப் படிப்புகள். உதவித்தொகையோடு இடம் கிடைத்தவருக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்களுக்கு 33,600 யூரோ கிடைக்கும். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். இதற்குப் பொதுவான ஒரே விண்ணப்பம் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனி இணையதளம், தனிக் கடைசி நாள். பெரும்பாலானவை அக்டோபர் வாக்கில் திறந்து ஜனவரி, பிப்ரவரிக்குள் மூடிவிடும். பட்டம் கையில் இல்லாவிட்டாலும், படிப்பு தொடங்கும் முன் முடித்துவிடுவார் என்று கல்லூரி கடிதம் கொடுத்தால் பொதுவாக ஏற்பார்கள். அரியர் வைத்திருப்பவர்களுக்குத்தான் சிக்கல். நவம்பரில் எழுதித் தேறலாம் என்று விட்டுவைத்த ஒரு தாள், கிடைத்த இடத்தையே பறித்துவிடும். இன்னொன்று, பயணத்துக்கும் விசாவுக்கும் தனிப் பணம் தருவதில்லை. எல்லாம் அந்த 1,400-க்குள்தான். முதல் தவணையும் பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகே வரும். விமான டிக்கெட்டுக்கும் முதல் மாத வாடகைக்கும் முன்கூட்டியே பணம் புரட்டி வைத்திருக்க வேண்டும்.

பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு இறுதியாண்டு மாணவர் விண்ணப்பிக்க முடியாது. பட்டம் பெற்றிருப்பதோடு 2,800 மணி நேர வேலை அனுபவமும் வேண்டும், அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். ஆகஸ்டில் திறக்கும் இந்த விண்ணப்பத்தில் மூன்று படிப்புகளைக் குறிப்பிட வேண்டும். ஆனால் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு நாம்தான் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். செவனிங் அதைச் செய்துதராது. படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) வளரும் நாட்டினருக்கென்று நடத்தும் முதுகலைத் திட்டத்துக்கும் இரண்டு ஆண்டு அனுபவம் தேவை. கடைசிப் பட்டம் ஆறு ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. விண்ணப்பம் போக வேண்டியது டாட் அலுவலகத்துக்கு அல்ல, அந்தப் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகத் துறைக்கு. அமெரிக்காவின் ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகைக்கு மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். மூன்றாண்டு பி.ஏ., பி.எஸ்சி. மட்டும் முடித்தவர்களுக்கு அதில் இடமில்லை. மேலே ஒரு முதுகலையோ முழுநேர முதுகலை டிப்ளமோவோ முடித்திருக்க வேண்டும்.

பட்டியல் சாதியினருக்கு மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் இருக்கின்றன. மத்திய திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதில் பலர் தடுக்கி விழுவது ஆஃபர் லெட்டரில். நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம்தான் செல்லும். 'முன்பணம் கட்டினால்', 'பட்டச் சான்றிதழ் வந்தால்' என்று ஒரு வரி இருந்தாலும் அது நிபந்தனைக் கடிதமே. அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதைச் சொல்லி, முன்பணத்தைத் தள்ளிவைக்கும்படி சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதினால் சில பல்கலைக்கழகங்கள் ஒத்துக்கொள்கின்றன. கேட்காமலேயே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இ-சேவை மையத்தில் பதிந்த பிறகு அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு மேசையாகத் தாண்டி வர வேண்டும். கடைசி வாரத்தில் ஓடினால் கைக்கு வராது.

ஆவணங்களில் நம் ஊருக்கே உரிய தொல்லை, பெயர். மதிப்பெண் பட்டியலில் 'செ. கார்த்திக்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் கிவன் நேம் கார்த்திக், சர்நேம் செல்வம் என்று இருக்கும். அல்லது சர்நேம் கட்டமே காலியாக இருக்கும். வெளிநாட்டு விண்ணப்பங்களில் சர்நேமை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. ஒரு படிவத்தில் அப்பா பெயர், இன்னொன்றில் ஒரு புள்ளி, மூன்றாவதில் தன் பெயரையே இரண்டு முறை என்று போட்டுவைத்தால், கடைசியில் ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ் சான்று ஒருவருடையது, சேர்க்கைக் கடிதம் வேறொருவருடையது போல ஆகிவிடும். இதற்கு ஒரே வழி, எல்லாவற்றுக்கும் பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்துக்கொள்வதுதான். சர்நேம் காலியாக இருந்தால், எதற்கும் விண்ணப்பிக்கும் முன்பே திருத்திப் புதிய பாஸ்போர்ட் வாங்கிவிடுவது நல்லது. ஐஇஎல்டிஎஸ் பதிவும் அதன் பிறகே. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும் இருப்பவர்கள், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். பல திட்டங்களில் மாணவர் கடிதத்தை வாங்கி இணைக்க முடியாது. பேராசிரியரின் மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்பு போகும். அவரே உள்ளே நுழைந்து பதிவேற்ற வேண்டும். ஜிமெயில் முகவரி கொடுத்தால் சில தேர்வுக் குழுக்கள் ஏற்பதில்லை. நம் கல்லூரிகளில் பலருக்குக் கல்லூரி முகவரி இருக்கும், அதைத் திறந்து பார்த்தே மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அந்த இணைப்பும் பெரும்பாலும் ஸ்பேம் பெட்டியில் போய் உட்காரும். ஆறு வாரம் முன்பே நேரில் கேட்டு, தான் செய்த புராஜெக்ட், வாங்கிய மதிப்பெண், படிக்கப்போகும் பாடம், கடைசி நாள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். 'நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்று சொல்லும் ஆசிரியர்களிடம் எங்கள் வேண்டுகோள்: தயவுசெய்து நீங்களே பத்து வரி எழுதுங்கள். 'கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்' என்று எல்லாருக்கும் பொருந்தும் கடிதம் எவருக்கும் உதவாது. ஆய்வகத்தில் எந்தச் சோதனை தப்பானது, அதை அவர் எப்படிச் சரிசெய்தார் என்ற ஒரு வரி போதும், படிப்பவர் நிமிர்ந்து உட்கார்வார்.

ஏன் இந்தப் படிப்பு என்று மாணவரே எழுதித் தரும் நோக்க அறிக்கையும் அப்படியே. சிறு வயதுக் கனவில் தொடங்கி வறுமையில் முடியும் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் தேர்வுக் குழுவின் மேசைக்கு வருகின்றன. இந்தப் படிப்பின் எந்தப் பாடம் வேண்டும், அது ஏன் இங்கே கிடைக்கவில்லை, முடித்துவிட்டு எங்கே என்ன வேலை செய்யப்போகிறோம் என்பதை ஊர், துறை பெயரோடு எழுத வேண்டும்.

கடைசி நாளின் நேரத்தையும் கவனிக்க வேண்டும். கிரீன்விச் நேரப்படி பகல் 12 மணி என்றால் நமக்கு மாலை 5.30. நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்தவர்களுக்கு, சாயங்காலம் தளம் மூடிவிடும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் மேலே குறிப்பிட்ட வெளிநாட்டுத் திட்டங்களுக்கு கட்டணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பித்துத் தரும் முகவர்கள் தேவையே இல்லை. 'நூறு சதவீத ஸ்காலர்ஷிப் உறுதி' என்று முன்பணம் கேட்பவரிடம் கொடுத்துவிட வேண்டாம். அவர்கள் காட்டும் கடிதம் பல நேரம் கல்விக் கட்டணத்தில் ஒரு சிறு தள்ளுபடியாகத்தான் இருக்கும். 20,000 பவுண்டு கட்டணத்தில் 3,000 பவுண்டு குறைத்தாலும் அதற்குப் பெயர் ஸ்காலர்ஷிப்தான். மீதி 17,000 பவுண்டும், சாப்பாடு, வாடகை எல்லாமும் நம் தலையில். கடிதத்தை வாங்கியதும் கட்டணம், மாதச் செலவு, விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு இந்த நான்கில் எது எது அடங்கும் என்று பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வ முகவரிக்கே எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகு வீட்டுப் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துப்போவதைப் பற்றி யோசிக்கலாம்.

இப்படிக்கு,
கல்லூரி மாணவர் வழிகாட்டிப் பணியில் இருப்பவர்கள்,
திருச்சி