பதினாறு கண் மதகு திறக்கும் நாளில் எங்கள் ஏரிகளையும் நினையுங்கள்

தமிழக நீர்வளத்துறைப் பொறியாளர்களுக்கு வணக்கம்.

பென்னாகரம் வட்டம், ஏரியூர்ப் பக்கத்தில் எனக்கு மூன்று ஏக்கர் மேட்டு நிலம். நாகமரை பரிசல் துறையில் நின்றால் மேட்டூர் அணைத் தண்ணீர் கடல் மாதிரி தெரியும். அக்கரையில் பண்ணவாடி. அணை சேலம் மாவட்டத்தில் இருந்தாலும் தண்ணீர் எங்கள் வாசல் வரை நிற்கிறது. ஆனால் என் நிலத்துக்கு மழை ஒன்றுதான் கதி. 900 அடி போர் போட்டேன், புழுதிதான் வந்தது.

அணை வற்றினால்தான் எங்களுக்குக் கொஞ்சம் வெள்ளாமை. 2024 கோடையில் தண்ணீர் இறங்கி, பண்ணவாடி நந்தி சிலை முழுசாக வெளியே தெரிந்தது. வண்டல் காய்ந்த இடத்தில் கம்பு விதைத்தோம். ஜூலைத் தொடக்கத்தில் 40 அடி அளவில் கிடந்த அணை, மாதக் கடைசியில் 120 அடியைத் தொட்டது. முதல் நாள் வரப்பு முழுகியது. மறுநாள் போய்ப் பார்த்தால் கதிர் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. அது அணையின் இடம், அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதே வாரம் உபரிநீர் விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் அணையின் பதினாறு கண் மதகு வழியாகப் போனதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி என்றால் மூன்று மணி நேரத்துக்குள் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. முக்கொம்பு தாண்டிக் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போகிற அந்தத் தண்ணீரில் மட்டும்தான் எங்கள் ஏரிகளுக்குப் பங்கு கேட்கிறோம். டெல்டா விவசாயியின் பங்கில் ஒரு சொட்டும் வேண்டாம். நாங்கள் மழைக்குக் காத்திருப்பது போல, அவரும் பாசனத்துக்கு அணை திறக்கும் ஜூன் 12 எப்போது வரும் என்று காத்திருக்கிறார்.

எங்கள் ஊர் மேடு, பம்ப் வைத்துத்தான் ஏற்ற வேண்டும், செலவாகும் என்பீர்கள். சரிதான். ஆனால் சரபங்கா திட்டத்தில் இதே உபரிநீரைத் திப்பம்பட்டியில் ஏற்றி, சேலம் மாவட்டத்து வறண்ட ஏரிகள் நூறுக்குக் கொண்டுபோக வழி செய்தது உங்கள் துறைதான். ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் 2013 முதல் குடிநீராக மேடேறி வந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு நிலத்தடி நீரில் கலந்த ஃபுளோரைடு பற்றிய கவலையைக் குறைத்தது. குடத்துக்கு ஏறிய தண்ணீர் ஏரிக்கும் ஏறும். மின்சாரத்தைப் பற்றியும் யோசித்தேன். மேட்டூரின் அணை மின்நிலையமும் சுரங்க மின்நிலையமும் சேர்ந்து 250 மெகாவாட் திறன் கொண்டவை. அவை நன்றாக ஓடுவதும் அந்த வெள்ள நாள்களில்தான்.

வருடம் முழுக்க வேண்டாம். உபரி போகும் அந்தச் சில நாள்கள் போதும். ஏரி நிரம்பினால் சுற்றுக் கிணறெல்லாம் ஊறும். அப்புறம் ராகியும் நிலக்கடலையும் போட எங்களுக்குத் தெரியும்.

ஒருமுறை அளவெடுக்க வாருங்கள். எந்த நாள் என்று சொன்னால், எந்த ஏரியின் வரத்துக் கால்வாய் எங்கே தூர்ந்து கிடக்கிறது என்று கூடவே நடந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஏரியூர்ப் பகுதி விவசாயி