எந்த மாதத்தில் இரைக்கிறது?

ஃபிரெஸ்னோ, கலிபோர்னியா

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு இரைப்பு தணிந்து, இரவில் எழுந்து உட்காராமல் தூங்குகிறான் என்று படித்தபோது மனம் நிம்மதியடைந்தது. கலிபோர்னியாவில் காற்று சுத்தமாகத்தானே இருக்கும், அங்கே குழந்தைகளுக்கு ஆஸ்துமா எதனால் வருகிறது என்று கேட்டிருந்தாய். நான் செவிலியராக வேலை பார்க்கும் சிறிய மருத்துவமனைக்கு மகனை அழைத்து வந்த ஒரு தாய்தான் எனக்கு அதை உள்ளபடி சொன்னவள்.

அவளும் கணவனும் மெக்சிகோவிலிருந்து வந்து, இந்த சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களிலும் பாதாம் தோப்புகளிலும் கூலி வேலை செய்கிறவர்கள். ஏழு வயது மகனுக்கு ஆஸ்துமா. வீட்டில் நாய், பூனை உண்டா, கம்பளம் விரித்திருக்கிறதா, யாரேனும் புகை பிடிப்பார்களா என்று நான் வழக்கம்போல வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று பொறுமையாகச் சொன்னவள், "எந்த மாதத்தில் இரைக்கிறது என்று கேட்கவில்லையே" என்றாள். கேட்டேன். அவள் மாதங்களின் பெயரைச் சொல்லவில்லை, பயிர்களின் பெயரைச் சொன்னாள்.

முதலில் திராட்சை. வசந்தத்தில் கொடி துளிர்த்தவுடன், சாம்பல் நோய் வராமலிருக்கக் கந்தகம் தூவத் தொடங்குவார்கள். இயற்கை வேளாண்மையிலும் அனுமதிக்கப்பட்ட பொருள் என்பதால் அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் இதே மாநிலத்தின் சலினாஸ் பள்ளத்தாக்கில் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களின் குழந்தைகளைக் கருவிலிருந்தே தொடர்ந்து கவனித்துவரும் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கந்தகப் பயன்பாடு பத்து மடங்கு கூடும்போது, ஆஸ்துமா மருந்து தேவைப்படும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றரை மடங்காவதாக 2017இல் வெளியிட்டார்கள். அந்தத் தாய் இந்த ஆய்வைப் படித்தவள் அல்லள்.

அடுத்தது பாதாம். ஆகஸ்டில் அறுவடை தொடங்கும். இயந்திரம் மரத்தின் அடியைப் பற்றி உலுக்க, காய்கள் தரையில் உதிர்ந்து சில நாள் காய்கின்றன. பிறகு அவற்றைக் கூட்டிப் பெருக்கி அள்ளும் வண்டிகள் வருகின்றன. மாதக்கணக்கில் மழை காணாத மண் அது. புழுதி மேகம்போல் எழுந்து குடியிருப்புகளின் மேல் படிகிறது. இதே பருவத்தில்தான் காட்டுத்தீயும் வருகிறது. 2020 செப்டம்பரில் எங்கள் மாவட்ட மலைகளில் பற்றிய, 'கிரீக்' என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீயின் புகை கண்ணை மறைத்த நாட்களிலும் வயல்களில் ஆட்கள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நுண்துகளுக்கான காற்றுத் தரக் குறியீடு 151ஐ எட்டினால் முதலாளி முகக்கவசம் தர வேண்டும் என்று 2019 முதல் மாநில விதி இருக்கிறது. கவசம் கிடைத்தாலும், பறித்த பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் மூச்சு வாங்குகிறது என்று எப்படி உட்கார்ந்து ஓய்வெடுப்பார்?

குளிர்காலத்தில் வயல் ஓய்ந்தாலும் காற்று ஓய்வதில்லை. கிழக்கே சியரா நெவாடா, மேற்கே கடலோரத் தொடர், தெற்கே தெஹாச்சபி என மூன்று பக்கமும் மலை சூழ்ந்த இடம் இது. குளிர்ந்த காற்று அடியில் தேங்க, வெதுவெதுப்பான காற்று மேலே மூடிபோட்டதுபோல் நிற்கிறது. 99ஆம் நெடுஞ்சாலை லாரிகளின் புகையும் பால் பண்ணைச் சாணத்தின் அமோனியாவும் அதற்குள் கலந்து நுண்துகளாகின்றன. அதோடு, வெட்டிய கொடிகளையும் பிடுங்கிய மரங்களையும் திறந்த வெளியில் எரிக்கும் புகையும் சேர்ந்திருந்தது. அந்த எரிப்பை நிறுத்த 2003இலேயே சட்டம் இயற்றினார்கள். ஆனால் சில விலக்குகளைத் தவிர அது நின்றது 2025இல்தான். சட்டம் வந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அதற்குள் இருபது வயது கடந்துவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது.

2025 மார்ச்சிலிருந்து, கட்டுப்படுத்தப்பட்ட பூச்சிக்கொல்லிகள் தெளிக்கப்படுமுன் மக்கள் தெரிந்துகொள்ள மாநிலம் ஓர் அறிவிப்பு முறையைத் தொடங்கியிருக்கிறது. நல்ல செயல்தான். ஆயினும் கந்தகம் அந்தப் பட்டியலில் இல்லை.

அன்று அந்தத் தாயிடம், புழுதி நாட்களில் சன்னலை அடைத்து மகனை உள்ளே வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். சில வாரங்கள் கழித்து, எங்களோடு பணிபுரியும் ப்ரொமொத்தோரா ஒருவருடன் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பண்ணை மக்களுக்குள்ளிருந்தே வந்து, அவர்கள் மொழியிலேயே வீடு வீடாகப் போய் உடல்நலம் பேசும் பெண்களை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். அது ஒரு தகர டிரெய்லர் வீடு, ஏசி கிடையாது. வெளியே 40 டிகிரிக்கு மேல் வெயில். நான் சொன்னபடி சன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன. பையன் வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தான். எனக்குப் பேச நா எழவில்லை.

என்னோடு வந்த ப்ரொமொத்தோராதான் நிலைமையைச் சீர்செய்தாள். பெட்டி மின்விசிறியின் பின்புறம் வடிகட்டித் தகடு ஒன்றைப் பொருத்திக் காட்டினாள். உடனே சுகம் தரும் இன்ஹேலரை மட்டும் அவர்கள் பயன்படுத்தி, தினமும் இழுக்க வேண்டிய தடுப்பு மருந்தைத் தொடாமல் வைத்திருந்ததையும் அவள்தான் கண்டுபிடித்தாள். வேலை உடுப்பை வாசலிலேயே கழற்றி வைக்கச் சொன்னாள். இப்போது பையன் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறான்.

நீ ஒரு காரியம் செய். சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரில், பேரனுக்கு இரைத்த நாளையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, அன்று தெருவில், வயலில், பக்கத்து வீட்டில் என்ன நடந்தது என்று ஓரிரு சொல் எழுதி வை. கிழித்த தாள்களைப் போட்டுவிடாதே. பொங்கலுக்கு நான் ஊருக்கு வரும்போது இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் தோழி