முருகேசன் மாமா கேட்ட கேள்வி

ஒமாஹா, நெப்ராஸ்கா
30.11.2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். கடிதம் போன புதன்கிழமை வந்து சேர்ந்தது. அதற்கு முந்திய இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் மனசை அறுத்தது. முப்பத்தைந்து வருஷம் தபாலாபீஸில் இருந்த உங்களுக்குப் பதில் போடாமல் இருந்தது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. ராத்திரியில் பூஜ்யத்துக்கும் கீழே இறங்குகிறது. காலையில் கார் கண்ணாடியில் பனி உப்புப் பூத்தமாதிரி ஒட்டியிருக்கும், சுரண்டி எடுத்தால்தான் வண்டியை எடுக்க முடியும். சாப்பாட்டுக்குக் குறையில்லை. அரிசி, பருப்பு, புளி எல்லாம் கிடைக்கிறது. தேங்காய்தான் நாலு உடைத்தால் ஒன்று அழுகலாக இருக்கும்.

டேனி பெரியவரை விசாரித்திருந்தீர்கள். நன்றாக இருக்கிறார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர், இப்போதும் நாலு மணிக்கே எழுந்து விளக்கைப் போட்டுவிடுவார். போன வாரம் நன்றி சொல்லும் பண்டிகைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். மறுநாள் இந்த ஊர்ச் சாப்பாடு என்று ஒன்று கொடுத்தார்: பீன்ஸ் போட்ட காரக் குழம்பு, கூடவே சர்க்கரைப் பாகு ஊற்றிய லவங்கப்பட்டை ரொட்டிச் சுருள். குழம்பை ஒரு வாய், இனிப்பை ஒரு வாய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்து மதிய உணவில் போட்டே பழக்கிவிட்டார்களாம். எனக்காக மாட்டிறைச்சி போடாமல் தனியாகச் செய்திருந்தார்.

இவரைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் தேர்தலின்போது இவர் வீட்டு வாசல் புல்தரையில் இரண்டு கம்பி நட்டு இரண்டு அட்டை வைத்திருந்தார். ஒன்று குடியரசுக் கட்சியின் டான் பேகன், இந்தத் தொகுதி எம்.பி. அவருக்கு. இன்னொன்று வெள்ளை அட்டையில் வெறும் நீலப் புள்ளி, அது ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸுக்கு. துளசேந்திரபுரத்துப் பேத்தி என்று மாமா சொல்வாரே, அவர்தான். அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை வாக்கு என்று உண்டு. நெப்ராஸ்காவும் மெய்ன் மாநிலமும் மட்டும் அதைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துத் தருகின்றன. மாநிலம் முழுக்க டிரம்ப் பக்கம் போனாலும் ஒமாஹா தொகுதி 2020ல் பைடனுக்கும் 2024ல் ஹாரிஸுக்கும் தன் ஒற்றை வாக்கைக் கொடுத்தது. அதே தொகுதி அந்த இரண்டு முறையும் எம்.பி.யாகக் குடியரசுக் கட்சி பேகனைத்தான் தேர்ந்தெடுத்தது. ஒரு வாசலில் இரண்டு கட்சி அட்டை வைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் நாடு முழுக்கக் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதுதான் மாமா கேட்ட கேள்விக்குப் பாதி பதில்.

மாமா கேட்டது: “செனட்டிலும் சபையிலும் ஒரே கட்சிக்குப் பெரும்பான்மை, அதிபரும் அதே கட்சி. பிறகு ஏன் 43 நாள் அரசாங்கத்தைப் பூட்டினார்கள்?” நல்ல கேள்வி. அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

செனட் இங்கே மேலவை, சபை என்பது நம்ம லோக்சபாமாதிரி கீழவை. செனட்டில் மொத்தம் 100 பேர். மசோதாவை நிறைவேற்ற 51 போதும். ஆனால் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 வேண்டும். 1917ல் வந்த விதி இது, அப்போது மூன்றில் இரண்டு பங்கு கேட்டார்கள், 1975ல்தான் 60 ஆகக் குறைத்தார்கள். ஆளும் குடியரசுக் கட்சிக்கு இப்போது இருப்பது 53. எதிர்க்கட்சியில் இருந்து குறைந்தது ஏழு பேர் வராமல் செலவு மசோதா நகராது. இப்படி எழுதியதன் நோக்கமே இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதுதான் என்று இங்கே சொல்வார்கள். பேச மனசில்லாத காலத்தில் அதே விதி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறது.

அக்டோபர் 1ல் பழைய நிதி ஒதுக்கீடு தீர்ந்தது. மருத்துவக் காப்பீட்டுக்குத் தருகிற கூடுதல் மானியம் டிசம்பர் 31ல் முடிகிறது, அதை நீட்டித்தால்தான் வாக்களிப்போம் என்றது ஜனநாயகக் கட்சி. முதலில் அரசாங்கத்தைத் திற, பிறகு பேசுவோம் என்றது ஆளுங்கட்சி. விமான நிலையத்தில் பை சோதிக்கிறவர்களும் விமானங்களுக்கு வழி சொல்கிறவர்களும் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வந்தார்கள். நவம்பர் பிறந்ததும் 4 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு வரவேண்டிய உணவு உதவி தடைபட்டது. நம்ம ஊரில் ரேஷன் கடையை மாதக் கடைசியில் மூடி வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஏழைகளின் அடுப்பைப் பணயம் வைத்துப் பேரம் பேசுவதை நான் எந்தக் கட்சி செய்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முடிச்சு அவிழ்ந்தது. ஆளுங்கட்சியில் ஒருவர் எதிர்த்தார், எதிரணியில் இருந்து எட்டுப் பேர் வந்தார்கள். கணக்கு சரியாக 60. அந்த எட்டுப் பேர் யார் என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். இரண்டு பேர் இனிமேல் தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று ஏற்கெனவே அறிவித்தவர்கள். மற்ற ஆறு பேருக்கும் அடுத்த தேர்தல் 2028லோ 2030லோதான். 2026ல் வாக்காளர் முன்னால் போய் நிற்க வேண்டியவர் ஒருவர்கூட அதில் இல்லை. அப்படி இருந்தும் சொந்தக் கட்சிக்காரர்கள் அவர்களைக் காய்ச்சி எடுத்துவிட்டார்கள்.

மாமா உடனே, கொறடா உத்தரவை மீறினால் பதவி போகாதா என்பார். போகாது. நம்ம நாட்டில் 1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம்மாதிரி இங்கே எதுவும் கிடையாது. எம்.பி. தன் கட்சிக்கு எதிராக நூறு தடவை வாக்களித்தாலும் இடம் பறிபோகாது. சட்டப்படி பார்த்தால் விட்டுக்கொடுத்துப் போவதற்கு நம்மைவிட இவர்களுக்கே வசதி அதிகம்.

பயம் வேறு இடத்தில் இருக்கிறது. நம்ம ஊரில் சீட்டுக் கொடுப்பது தலைமை. இங்கே கட்சி வேட்பாளர் யார் என்பதை அந்தக் கட்சியின் வாக்காளர்களே முன்கூட்டி ஒரு தேர்தல் வைத்து முடிவு செய்கிறார்கள். பிரைமரி என்று பெயர். பல மாநிலங்களில் கட்சிப் பெயரில் பதிந்தவர்கள் மட்டும்தான் அதில் வாக்களிக்கலாம். வருகிறவர்களும் கொஞ்சம் பேர், அதிலும் கட்சிமேல் வெறி உள்ளவர்களே அதிகம். பெரும்பாலான தொகுதிகள் ஏதாவது ஒரு கட்சியின் கோட்டையாக இருப்பதால் பிரைமரியில் ஜெயித்தவர் பாதித் தூக்கத்தில்கூட எம்.பி. ஆகிவிடலாம். ஆகவே அவர் பயப்படுவது எதிர்க்கட்சிக்காரருக்கு அல்ல, தன் கட்சிக்குள்ளேயே தன்னைவிடத் தீவிரமாகப் பேசுகிறவருக்குத்தான்.

இந்தியானாவின் ரிச்சர்ட் லூகர் 36 வருஷம் செனட்டில் இருந்தவர், அணு ஆயுதங்களைக் குறைக்க எதிர்க்கட்சியோடு சேர்ந்து சட்டம் கொண்டுவந்தவர். 2012 பிரைமரியில் தோற்றார். எரிக் கேன்டர் குடியரசுக் கட்சியின் சபைத் தலைவர்களில் இரண்டாவது இடத்தில் இருந்தார், 2014ல் அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு பேராசிரியரிடம் தோற்றார். குடியேற்ற விஷயத்தில் இளகிவிட்டார் என்பது அவர்மேல் சொன்ன குற்றங்களில் முக்கியமானது. ஜனநாயகக் கட்சியிலும் 2018ல் நியூயார்க்கின் ஜோ கிரௌலிக்கு இதே கதி. ஏழு லட்சம் பேர் வாழ்கிற தொகுதியில் அன்றைக்குப் பதிவான வாக்கு முப்பதாயிரத்தைத் தொடவில்லை. அதைப் பார்த்த மற்ற எம்.பி.க்கள் என்ன பாடம் படித்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பேகனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021ல் சாலை, பாலம், குடிநீர்க் குழாய்க்கான பெரிய மசோதா வந்தது. செனட்டில் 69க்கு 30 என்று இரண்டு கட்சியும் சேர்ந்து நிறைவேற்றியது. சபையில் குடியரசுக் கட்சியில் இருந்து ஆதரித்தவர்கள் 13 பேர், அதில் இவர் ஒருவர். அந்தக் கோபம் ஆறவில்லை. 2024 பிரைமரியில் மாநிலக் கட்சி சிட்டிங் எம்.பி.யான இவரை விட்டுவிட்டு எதிர்த்து நின்றவரை ஆதரித்தது. அப்படியும் பேகனே ஜெயித்துவிட்டார். ஆனாலும் 2026ல் நிற்கப் போவதில்லை என்று ஜூன் மாதக் கடைசியில் அறிவித்துவிட்டார். டேனி பெரியவர் அந்தப் பழைய அட்டையை இன்னும் கராஜில் சாத்தி வைத்திருக்கிறார், கம்பியில் துரு ஏறிவிட்டது.

இதோடு தொகுதி எல்லையைக் கீறுகிற வேலை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுத்ததும் பெரும்பாலான மாநிலங்களில் சட்டசபையே எல்லையை வரைகிறது. எதிர்க்கட்சி வாக்காளர்களை ஒரே தொகுதியில் அடைத்துவிடுவது ஒரு வழி. நாலைந்து தொகுதிகளுக்குச் சிதறடித்து எங்குமே ஜெயிக்க முடியாமல் செய்வது இன்னொரு வழி. 1812லேயே மாசசூசெட்ஸில் எல்பிரிட்ஜ் கெர்ரி என்ற கவர்னர் இதற்குப் பேர் வாங்கினார். இந்த வருஷம் பத்து வருஷம்கூடக் காத்திருக்கவில்லை. டெக்ஸாஸ் ஆகஸ்டில் குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடுகிறமாதிரி கோட்டை மாற்றியது, அது நீதிமன்றம்வரை போனது. கலிஃபோர்னியா நவம்பர் 4ல் மக்களிடமே வாக்கெடுத்து ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாக மாற்றிக்கொண்டது.

அந்தக் காலத்தில் எல்லோரும் நல்லவர்கள், இப்போது கெட்டுவிட்டார்கள் என்று மாமா முடிவு கட்டிவிடக் கூடாது. 1964ல் கறுப்பின மக்களுக்கான சிவில் உரிமைச் சட்டத்தில் விவாதத்தை முடிக்க செனட்டில் 71 பேர் வாக்களித்தார்கள். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் டர்க்ஸன் தன் ஆட்களை அழைத்து வந்திராவிட்டால் அது நடந்திருக்காது. உண்மைதான். ஆனால் அதற்கு முன் எத்தனையோ வருஷம் அதே செனட்டில் தெற்கத்தி ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பேசிப் பேசியே அந்த உரிமையைக் கொன்றார்கள். இரண்டு கட்சியும் சமாதானமாக இருந்ததில் ஒரு பகுதி கறுப்பின மக்களின் வாயை அடைத்து வாங்கிய சமாதானம். அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான் தெற்கத்திப் பழமைவாதிகள் மெல்ல மெல்ல குடியரசுக் கட்சிக்குப் போனார்கள், வடகிழக்கின் தாராளவாதக் குடியரசுக் கட்சிக்காரர்கள் கரைந்துபோனார்கள். கலந்து கிடந்த இரண்டு குவியலும் தனித்தனியாகப் பிரிந்தன. சபையில் அளிக்கும் வாக்குகளை வைத்து அளந்து பார்க்கிற அறிஞர்கள், இரண்டும் விலகியிருக்கின்றன, குடியரசுக் கட்சி கூடுதலாக நகர்ந்திருக்கிறது என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

வேறு மாதிரி நடத்த முடியும் என்பதற்கு இந்த நெப்ராஸ்காவே சாட்சி. சட்டசபைக்கு ஒரே அவை, 49 பேர். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. பிரைமரியில் முதல் இரண்டு இடம் வந்தவர்கள், இரண்டு பேரும் ஒரே கட்சிக்காரராக இருந்தாலும், நவம்பரில் மோதுவார்கள். குழுத் தலைவர்களை 49 பேரும் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் சிறுபான்மைக் கட்சிக்காரரும் தலைவராகலாம். எந்த மசோதா வந்தாலும் பொதுமக்கள் வந்து பேச ஒரு நாள் ஒதுக்கியே ஆக வேண்டும். நீங்களோ நானோ போய் மைக் முன்னால் உட்காரலாம். ஜார்ஜ் நாரிஸ் என்ற செனட்டர் 1934ல் ஊர் ஊராகக் கார் ஓட்டிப் பிரசாரம் செய்து கொண்டுவந்தது இது. இங்கேயும் விரிசல் விழுகிறது. 2023ல் ஒரு மசோதாவுக்கு எதிர்ப்பாக வாரக்கணக்கில் பேசியே அவையை முடக்கினார்கள். ஆனாலும் விதி நன்றாக இருந்தால் மனிதர்கள் பேசிக்கொள்ள ஓர் இடம் மிஞ்சுகிறது.

கிரீன் கார்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலை வழியில் வருஷத்துக்குச் சுமார் 1,40,000, அதில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று 1990 சட்டத்தில் வரம்பு. அதைத் தளர்த்தும் மசோதா 2019ல் சபையில் 365க்கு 65 என்று நிறைவேறியது, இரண்டு கட்சியும் சேர்ந்துதான். செனட் 2020 டிசம்பரில் வேறு வாசகத்தோடு ஏற்றது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அந்த அவையின் காலமே முடிந்துவிட்டது. அதற்கு முன் 2013ல் செனட்டில் 68 பேர் ஆதரித்த பெரிய குடியேற்ற மசோதாவைச் சபையில் வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. சொந்தக் கட்சியில் பெரும்பான்மை இல்லாத மசோதாவை எடுப்பதில்லை என்று அங்கே ஒரு வழக்கம். என் காகிதம் தொழிலாளர் துறையில் இருக்கிறது, பூட்டு திறந்தாயிற்று, நகரும். கவலைப்படாதீர்கள். தை மாதம் வருவேன் என்று சொன்னதை மட்டும் சித்திரைக்குத் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள்.

வரும் புதன்கிழமை கார்த்திகை. இங்கே வாசலில் விளக்கு வைத்தால் காற்று ஒரு நிமிஷம் நிற்க விடாது, ஜன்னலுக்கு உள்ளே வைப்பேன். நேற்று ராத்திரி அம்மா பொரி உருண்டைக்கு வெல்லப் பாகு காய்ச்சுகிற வாசனை எங்கிருந்தோ வந்தமாதிரி இருந்தது. எழுந்து அடுப்பைப் போய்ப் பார்த்துவிட்டுப் படுத்தேன். நம்ம வீட்டுத் திண்ணையில் அகல்விளக்கு வரிசையை ஒரு படம் எடுத்து வள்ளியை அனுப்பச் சொல்லுங்கள்.

வள்ளிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு என்றால் மாப்பிள்ளை வீட்டில் தேதியைக் கேட்டு உடனே எழுதுங்கள். அம்மாவின் கண்ணைத் தள்ளிப்போட வேண்டாம், மழை விட்டதும் மதுரைக்குக் கூட்டிப் போங்கள். நகைக் கடனுக்கு ஜனவரி 12 கடைசித் தேதி என்று நினைவு. அசலை இப்போது கட்ட வேண்டாம், வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதப் பணம் பத்தாம் தேதிக்குப் பதில் இருபதுக்குள் வரும், வேறொன்றும் இல்லை. கிணற்று மோட்டார் காயில் கருகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். காயில் கட்டக் கொடுக்கும்போது பழைய செம்புக் கம்பியை எடை போட்டு, கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செல்வம்