எழுதாமல் விட்ட பண்பு

அன்பு நண்பருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். ஒரே ஸ்ட்ரக்டுக்குள் (தரவையும் ஃபங்ஷன்களையும் சேர்த்து வைக்கும் அமைப்பு) இருந்தும், டெம்ப்ளேட்டாக (பல தரவு வகைகளுக்கும் பொருந்தும் அச்சாக) எழுதிய ஃபங்ஷனை @சேஃப் நிரலிலிருந்து (நினைவகத்தைக் கெடுக்காது என்று கம்பைலர் சரிபார்க்கும் நிரல்) அழைக்க டி நிரல்மொழியின் கம்பைலர் அனுமதிக்கிறது, நீளத்தை மட்டும் திருப்பித் தரும் அப்பாவி ஃபங்ஷனை மறுக்கிறது, இது என்ன நியாயம் என்று கேட்டிருந்தீர்கள்.

சாதாரண ஃபங்ஷனின் தலைப்பு, உடலின்றி வேறொரு கோப்பில் தனியே நிற்கலாம். @சேஃப் போன்ற பண்புகள், தனித்தனிக் கோப்புகளை இணைக்கும் லிங்கர் தேடும் பெயரிலேயே கலந்துவிடுவதால், உடலைப் பார்த்து ஊகித்ததும் தலைப்பில் எழுதியதும் வேறுபட்டால் இரண்டும் இணையா; எனவே எதுவும் எழுதாவிட்டால் அது @சிஸ்டம்தான், அதாவது சரிபார்க்கப்படாதது; @சேஃப் நிரல் அதை அழைக்க முடியாது. டெம்ப்ளேட்டின் உடலோ எப்போதும் கம்பைலரின் கண்முன் இருப்பதால், ஒவ்வொரு தரவு வகைக்கும் உருவாக்கும்போது வரிவரியாகப் பார்த்து சேஃப், ப்யூர் (மாறக்கூடிய பொது நிலையைத் தொடாதது), நோத்ரோ (எக்ஸெப்ஷன் எறியாதது), நோஜிசி (கார்பேஜ் கலெக்டரிடம் நினைவகம் கேட்காதது) ஆகிய பண்புகளைத் தானே முடிவு செய்கிறது. ஸ்ட்ரக்டையே டெம்ப்ளேட்டாக மாற்றினால் உங்கள் நீள ஃபங்ஷனுக்கும் அந்தச் சலுகை கிடைத்துவிடும். ஒரு சொல்லுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, @சேஃப் என்று எழுதிவிடுங்கள்.

ஆனால் @ட்ரஸ்டட் மட்டும் ஒருபோதும் ஊகிக்கப்படுவதில்லை. அது, கம்பைலர் சரிபார்க்காவிட்டாலும் இந்த நிரல் பாதுகாப்பானது என்று மனிதர் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கை நான் ஒருமுறை அவசரப்பட்டுக் கொடுத்தேன். என் கொள்கலனின் தேடும் ஃபங்ஷனில் பாயிண்டரை (நினைவக முகவரியை) சுட்டெண்ணால் அணுகும், @சேஃப் அனுமதிக்காத ஒரே வரிக்காக, டெம்ப்ளேட் முழுவதற்கும் @ட்ரஸ்டட் போட்டேன். இன்ட் என்ற முழு எண் வகைக்கு ஒழுங்காக ஓடியது. பின்னர், சமன் பார்க்கும் ஃபங்ஷனிலேயே பாயிண்டர் கணக்குப் போடும் ஒரு வகையை உள்ளே வைத்தபோது, அந்த வகையின் பிழைக்கும் நானே ஜாமீன் நின்றிருந்தேன். கம்பைலர் வாயே திறக்கவில்லை. இப்போது அந்த ஒரு வரியை மட்டும் எல்லை பார்த்துவிட்டு ட்ரஸ்டட் லாம்டாவுக்குள் (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) வைக்கிறேன், ஒப்பிடுதலை வெளியே விடுகிறேன், ஃபங்ஷனுக்குப் பண்பே எழுதுவதில்லை. இன்ட்டுக்கு அது சேஃப். அந்த வகைக்குச் சிஸ்டம். ஊகம் நழுவவில்லை என்று உறுதிசெய்ய @சேஃப் யூனிட்டெஸ்ட் (சிறு சோதனை நிரல்) ஒன்று போதும்.

எல்லாவற்றையும் இயல்பாகவே சேஃப் ஆக்கிவிடும் முன்மொழிவு 2020-இல் ஏற்கப்பட்டு, உடலில்லாத சி மொழி ஃபங்ஷன்களும் சேஃப் ஆகிவிடும் என்ற எதிர்ப்பால் அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கும் சிக்கல் உடல் கண்ணில் படாததுதான்.

உங்கள் ஸ்ட்ரக்டை அனுப்புங்கள். ட்ரஸ்டட் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்